நீருக்கடியில் யாரோடு இறங்குகிறோம்?

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலுக்கடியில் மூழ்குகிற விஷயத்தை மாட்டுங்காவில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். தீபாவளி முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரவு தாதரில் கொங்கண் வண்டி ஏறிப் பாருங்கள். குடால் ஸ்டேஷனில் இறங்கி மால்வண் போகிற கூட்டத்தில் நம் தமிழ்ப் பேச்சும் காதில் விழும். அலுவலக நண்பர்கள், கல்லூரிப் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் எல்லாம் தார்கர்லியிலும் சிந்துதுர்க் கோட்டை பக்கத்திலும் ஸ்கூபா செய்யப் போகிறார்கள். முதல் முறை போகும்போது பெரிய சிக்கல் இல்லை. பயிற்சியாளர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்தபடியே அழைத்துப் போய், சில நிமிடம் மீன் காட்டி, படம் எடுத்துக் கொடுத்து, மேலே கொண்டுவந்து விடுவார். நீங்கள் மூச்சு விட்டால் போதும்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஆசை பிடித்துக்கொள்கிறது. நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு கடலில் சில இறக்கங்கள், கையில் ஒரு சான்றிதழ் கார்டு. அடுத்த விடுமுறைக்கு கோவாவின் கிராண்ட் ஐலண்ட், முருடேஸ்வர் அருகே நேத்ராணி, புதுச்சேரி, அந்தமான் என்று கிளம்புகிறோம். படகில் ஏறியதும் அங்கே இருக்கிற டைவ் மாஸ்டர் விரலை நீட்டி, ‘நீங்களும் இவரும் ஜோடி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்த ‘இவரை’ நமக்கு அதுவரை தெரியாது. அவர் இறங்கத் தெரிந்தவரா, பதறுகிறவரா, பக்கத்தில் ஒரு மனிதன் இருக்கிறான் என்கிற நினைப்பு உள்ளவரா, எதுவும் தெரியாது. அரை மணி நேரத்துக்கு அவர் உயிர் நம்மிடமும், நம் உயிர் அவரிடமும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். துணையாக வருகிறவர் சரியில்லை என்று தோன்றினால் அதைப் படகிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் சொல்வதில்லை. மச்சான் கோபித்துக்கொள்வான், மேலதிகாரி என்ன நினைப்பார், கட்டின பணம் போய்விடும் என்று மனசுக்குள் போட்டுப் புதைத்துவிட்டு நீரில் குதித்துவிடுகிறோம். இந்தத் தயக்கத்தை நான் மரியாதை என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

துணையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழக்கம் என்று எண்ண வேண்டாம். கூஸ்தோவும் காஞானும் பிரான்சில் மூச்சுக்கருவியை உருவாக்கியது 1943இல். அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் ஜோடி போட்டுத்தான் மூழ்கினார்கள். முத்துக்குளிப்பில் இரண்டு பேருக்கு ஒரு கல். ஒருவர் கல்லின் கனத்தில் கீழே இறங்கிச் சிப்பி அள்ளும்போது மற்றவர் மேலே இளைப்பாறுவார். பிறகு முறை மாறும். இவர்கள் இருவரைத் தவிர, படகின் விளிம்பில் கயிறு பிடிக்கிறவர் ஒருவர் இருப்பார். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் அந்தக் கணமே இழுக்க வேண்டும். ஒரு நிமிடமும் சொச்சமும்தான் மூச்சு தாங்கும். கயிறு பிடிக்கிறவர் வெற்றிலை மடிக்கக் குனிந்தால் கீழே இருப்பவர் கதை முடிந்தது.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? மனைவியின் உடன்பிறந்தவன் கையில் என்று தூத்துக்குடிப் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது அதற்குச் சொல்கிற காரணம். சுறாவைக் கட்டுவதற்கென்று மந்திரம் சொல்கிற கடல்கட்டிகளும் அந்தக் கரையில் இருந்தார்கள். கம்பெனி ஆட்சியும் பிறகு வந்த சர்க்காரும் அவர்களை ஏற்று ஊதியம் கொடுத்தே வைத்திருந்தன. அவர்கள் வராமல் குளிகாரர்கள் கடலில் இறங்க மாட்டார்கள். மந்திரம் மனத் தைரியத்துக்கு. மூச்சு முட்டும்போது தூக்கிவிட்டது கயிறு பிடித்தவரின் கை. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. சங்கு குளிப்பு இன்னமும் நடக்கிறது. பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிற பெண்கள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கூட்டமாகத்தான் இறங்குகிறார்கள்.

மைத்துனன் கதையை நாம் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த மைத்துனன் கடலோரத்தில் பிறந்து, அந்தக் கயிற்றோடேயே வளர்ந்தவன். சுண்டுதலுக்கும் அலை இழுப்புக்கும் வித்தியாசம் அவன் உள்ளங்கைக்குத் தெரியும். உறவும் இருந்தது, தொழிலும் தெரிந்திருந்தது. செம்பூரிலிருந்து கோவா போகிற நமக்கு மைத்துனன் இருக்கிறான், தொழில் அவனுக்குத் தெரியாது. ‘என் மச்சான்தானே கூட வர்றான், என்ன பயம்’ என்று சொல்கிறவர்களை நான் ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். பாசத்தால் யாருக்கும் மூச்சுக்காற்று கிடைக்காது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்துகொண்டால் துணை என்கிற ஏற்பாடு ஏன் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

நம் ஊர் மையங்களில் பெரும்பாலும் கொடுப்பது சுமார் 11 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருப்பார்கள். அதாவது ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு அழுத்தம், ஆகவே மூன்று மடங்கு காற்று செலவு. நிதானமாக மூச்சு விடுகிறவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் அங்கே 60 லிட்டர். 50 பாரை மிச்சம் வைத்துவிட்டு மேலே வர வேண்டும் என்பது வழக்கம். மீதி 1,650 லிட்டரில் அவருக்கு 27 நிமிடம் கிடைக்கும். பதற்றக்காரர் மேலேயே 35 லிட்டர் இழுக்கிறார் என்று வையுங்கள். அவருக்குக் கிடைப்பது 15, 16 நிமிடம். இருவரும் ஜோடி என்றால் அந்த இறக்கம் 16 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதற்றக்காரரைத் தனியே மேலே அனுப்பிவிட்டு நான் மட்டும் இன்னும் பத்து நிமிடம் ஆமை பார்க்கிறேன் என்றால் அது அநியாயம். முகம் சுளிக்காமல் கூடவே ஏற வேண்டும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். அதே 20 மீட்டரில் கூட்டாளியின் காற்று தீர்ந்துவிட்டது. உங்களிடம் சரியாக 50 பார் இருக்கிறது, அதாவது 550 லிட்டர். உங்கள் மாற்று ரெகுலேட்டரை, அதாவது உபரியாகத் தொங்கும் மூச்சு வாய்க்கருவியை, அவர் வாயில் கொடுத்துவிட்டீர்கள். இப்போது இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு 35 லிட்டர் இழுக்கிறீர்கள். கட்டிப் பிடித்து நிதானத்துக்கு வர அடியிலேயே ஒரு நிமிடம் போகும், அதற்கு 210 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம்வரை ஏற இன்னொரு 262 லிட்டர். அங்கே பாதுகாப்பு நிறுத்தமாக மூன்று நிமிடம் நிற்க 315. கடைசி 5 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 50. கூட்டினால் ஏறக்குறைய 837 லிட்டர் ஆகிறது. அதற்கு 76 பார் வேண்டும், உங்களிடம் இருப்பது 50. நிறுத்தத்தை விட்டுவிட்டு நேரே ஏறலாம், உயிர் போகிற நேரத்தில் அப்படித்தான் ஏற வேண்டும். அப்படி ஏறினாலும் மேலே வரும்போது சிலிண்டர் ஏறக்குறையக் காலி.

ஆகையால் முன்பின் தெரியாதவரோடு இறங்கும்போது 100 பார் ஆனதுமே மேலே திரும்பத் தொடங்குங்கள். 50 என்கிற எண் ஒருவருக்கான எண். உங்கள் சிலிண்டரில் கூட்டாளியின் பங்கும் இருக்கிறது.

இனி படகில் நடப்பதற்கு வருகிறேன். ஒருமுறை மேற்குக் கரையில் ஓரிடத்தில் என்னோடு ஜோடி சேர்த்தவர் ஒரு வங்கி அதிகாரி, நம் தமிழர்தான். நல்ல மனிதர். உபகரணங்களை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“சார், கேஜைப் பார்த்துக்கிட்டே நாலு மூச்சு இழுங்க” என்றேன்.

“ஷாப்லயே செக் பண்ணித்தான் குடுத்தாங்க. சல்தா ஹை சார்.”

“எனக்காக ஒரு தடவை இழுங்க சார்.”

இழுத்தார். காற்றழுத்தம் காட்டும் கேஜில் 200இல் நின்ற முள், அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் சரிந்து, விட்டதும் துள்ளிப் பழைய இடத்துக்கே வந்தது. சிலிண்டர் வால்வு கொஞ்சம்தான் திறந்திருந்தது. படகில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காற்று தாராளம். 20 மீட்டரில் மூன்று மடங்கு காற்று வேண்டும்போது உறிஞ்ச உறிஞ்ச வராது. இழுப்பை நிறுத்திப் பார்த்தால் கேஜோ நிறையக் காற்று இருப்பதாகவே காட்டும். சிலிண்டர் நிறையக் காற்றை முதுகில் வைத்துக்கொண்டு மூச்சுத் திணறியிருப்பார். நான் கை நீட்டி வால்வைத் திறந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் உபகரணத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவரைவிட நல்ல கூட்டாளி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பரிசோதனையைச் சொல்லிக் கொடுக்காத பயிற்சி உலகத்தில் கிடையாது. மிதவை ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா, ஈயக் கட்டிகள் இருக்கின்றனவா, ஆபத்தில் ஒரே இழுப்பில் கழற்ற முடியுமா, வார்ப்பூட்டுகள் எங்கே, காற்று வருகிறதா, மாற்று ரெகுலேட்டர் எந்தப் பக்கம் தொங்குகிறது, கடைசியாகத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. இரண்டு நிமிட வேலை. படகு ஆடுகிறது, வெயில் கொளுத்துகிறது, படகுக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று எல்லோரும் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். நீருக்குள் துணை கைவிட்டதாகப் பின்னால் புலம்புகிறவர்கள் பலர், மேலே இருக்கும்போதே அந்தத் துணையை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சைகைகளையும் பேசிக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் நம் ஊரில் ‘பிரமாதம்’. கடலுக்கடியில் அதற்கு ‘மேலே போவோம்’ என்று பொருள். எல்லாம் நலம் என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். புதியவர் ஆமையைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரலைத் தூக்குவார். கூட்டாளி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு மேலே கிளம்புவார், நம்மவர் கீழேயே இருப்பார். ஜோடி பிரிந்துவிட்டது. பிரிந்தால் சுற்றிலும் தேடுவது ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. பிறகு இருவரும் அவரவர் இடத்திலிருந்து மெதுவாக மேலே வந்து நீர்மட்டத்தில் சந்திக்க வேண்டும். இது இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் பயன்படும். ஒருவர் மேலே காத்திருக்க மற்றவர் கீழே தேடிக்கொண்டே இருந்தால் இருவருக்கும் கேடு.

எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள்? கேமராக்காரர் வருவார். அவருக்கு உலகம் ஒரு சின்னத் திரை அளவுதான். நுடிபிராங்க் என்கிற கடல் நத்தை விரல் நகம் அளவு இருக்கும். அதன் முன்னால் பத்து நிமிடம் தலைகீழாகத் தொங்குவார். நீங்கள் அந்த நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாலும் அவருக்குத் தெரியாது. இவரைத் திருத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி, இறங்குவதற்கு முன்பே உடன்பாடு செய்துகொள்வது. ‘ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் என்னைத் திரும்பிப் பார்த்து ஓகே காட்டுங்கள். இரண்டு முறை தவறினால் நான் மேலே போகும் சைகை காட்டிவிடுவேன்’ என்று. சொன்னபடி செய்யவும் வேண்டும். ஒருமுறை இறக்கம் பாதியில் முடிந்துவிட்டால் அடுத்த இறக்கத்தில் அவர் தலை தானாகத் திரும்பும்.

வேகமாக நீந்திப் போய்விடுகிறவர், பவளத்தின்மேல் துடுப்பை அடித்து மணலைக் கிளப்பிப் பின்னால் வருகிறவரைக் குருடாக்குகிறவர், முதல் நாள் இரவு கோவாவில் குடித்துவிட்டுக் காலையில் இறங்க வருகிறவர், இவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடித்தவரோடு இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் அதிகம் கவலைப்படுவது பயத்தை மறைக்கிறவரைப் பற்றி. அவர் மோசமான மனிதர் அல்ல. பெரும்பாலும் மிகவும் நல்லவர், மற்றவர்களின் விடுமுறையைக் கெடுக்கக் கூடாது என்று நினைக்கிறவர். படிவத்தில் ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காது வலி உண்டா என்று கேட்டிருப்பதற்கெல்லாம் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுவார். படகில் பேச்சு குறைந்துவிடும். மாஸ்க் பட்டையைத் திரும்பத் திரும்ப இறுக்குவார். சிரித்தால் உதடு மட்டும் சிரிக்கும். இப்படி ஒருவரைப் பார்த்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘இன்னைக்கு வேணாம்னா விட்டுடலாம் அண்ணே, நானும் உங்ககூட படகுலயே இருக்கேன்’ என்று சொல்லுங்கள். சொன்னவுடன் பலருக்குத் தோள் தளர்வதைப் பார்க்கலாம். சிலர் அதற்குப் பிறகு தெளிவாகி நன்றாகவே இறங்குவார்கள். யாரும் கேட்காததுதான் அவர்களுடைய பாதிப் பயம்.

அப்படிக் கேட்காமல் இறக்கிவிட்டால் பதற்றம் கீழே வெடிக்கும். மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் போதும். பதறுகிறவர் உங்கள் வாயில் இருக்கும் ரெகுலேட்டரைப் பிடுங்க வருவார், அல்லது மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார். அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கியபடி ஏறினால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அதற்கு ஓரிரு மீட்டர் உயரமே போதும். ஆகவே அவரை நேருக்கு நேர் அணுகாதீர்கள். கண்ணோடு கண் பார்க்க முடிந்தால், கை நீளத் தூரத்தில் நின்று, மூச்சை விடச் சொல்லிச் சைகை காட்டுங்கள். கட்டுக்கடங்கவில்லை என்றால் பின்பக்கமாகப் போய்ச் சிலிண்டர் வால்வைப் பிடியுங்கள். அவர் உங்களை இழுத்துக்கொண்டு மேலே பாய்ந்தால், இருவர் ஜாக்கெட்டிலிருந்தும் காற்றை வெளியேற்றி வேகத்தைக் குறையுங்கள். முடியாதபோது உங்களை விடுவித்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது ஆளும் விழுந்துவிட்டால் முதல் ஆளைத் தூக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2025 மார்ச் மாதம், நாக்பாடாவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்களில் நான்கு பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் ஆண்டுதோறும் ஒரே மாதிரிச் செய்தி. முதலில் இறங்கியவர் சாய்கிறார், காப்பாற்ற அடுத்தவர் இறங்குகிறார், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். அன்பில் குறை சொல்ல முடியாது. மூச்சுக்கருவியும் கயிறும் பயிற்சியும் கொடுக்காமல் அவர்களை அங்கே அனுப்பியவர்கள் குற்றவாளிகள். பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குகிற நமக்குக் கருவி கிடைக்கிறது, பயிற்சி கிடைக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கிடைக்கிறது. பிழைப்புக்காக இறங்குகிறவர்களுக்கு இந்த மூன்றும் இல்லை. நமக்கு இருப்பதை நாம் வீணாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

கணவன் மனைவி ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். 2003 அக்டோபர் 22ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் அருகே, யோங்கலா என்கிற மூழ்கிய கப்பலைப் பார்க்க ஓர் அமெரிக்கப் புதுமணத் தம்பதி இறங்கினார்கள். தேனிலவுப் பயணம். மனைவி டினா வாட்சனுக்கு இறக்க அனுபவம் மிகக் குறைவு. கணவருக்கு மீட்புப் பயிற்சிச் சான்றிதழே இருந்தது. கீழே டினாவுக்குச் சிக்கல் ஏற்பட்டது. கணவர் அவரை விட்டுவிட்டு மேலே வந்தார். டினா கடலடியில் கிடந்தார். வேறொருவர் தூக்கிவந்தும் பிழைக்கவில்லை. கணவர்மேல் கொலை வழக்கே போடப்பட்டது. 2009இல் குவீன்ஸ்லாந்து நீதிமன்றத்தில் அவர் கொலைக்குக் குறைந்த மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். துணையாக இறங்கியவர் செய்ய வேண்டிய கடமையைச் செய்யவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. பிறகு அமெரிக்காவில் மறுபடி தொடுத்த கொலை வழக்கைப் போதிய ஆதாரம் இல்லை என்று 2012இல் அலபாமா நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். கொலை நோக்கம் இருந்ததாக எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. அனுபவம் இல்லாத ஒருவரை நீரோட்டமும் ஆழமும் உள்ள இடத்துக்குத் தன்னையே துணையாக நம்ப வைத்து அழைத்துப் போவது பெரிய பொறுப்பு. கல்யாணம் ஆகிவிட்டதாலேயே அந்தப் பொறுப்பைச் சுமக்கிற திறமை வந்துவிடாது. நம் வீடுகளில் ‘நான் இருக்கேன்ல, வா’ என்று கணவன் சொன்னால் மனைவியால் மறுக்க முடிவதில்லை. புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் இருவர் ஒருவரையொருவர் நம்பி இறங்குவதைவிட, முதல் சில முறை ஆளுக்கு ஓர் அனுபவசாலியோடு இறங்குங்கள். தேனிலவு அதனால் கெட்டுப்போகாது.

பெண்கள் என்னிடம் தனியாக வந்து சொல்கிற குறை ஒன்று இருக்கிறது. பரிசோதிக்கிறேன் என்று ஜாக்கெட் பட்டைகளில் தேவையில்லாமல் கை வைக்கிறவர்கள், நீருக்குள் கையைப் பிடித்துக்கொண்டு விடாதவர்கள். ஆண்களுக்குச் சொல்கிறேன். ‘உங்க வார்ப்பூட்டை நீங்களே தொட்டுக் காட்டுங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று சொன்னால் பரிசோதனை முழுமையாகவே நடக்கும். பெண்களுக்குச் சொல்கிறேன். பிடிக்காத துணையோடு இறங்கும் கடமை உங்களுக்கு இல்லை. மையத்தின் பொறுப்பாளரிடம் காரணம்கூடச் சொல்லாமல் ஆளை மாற்றச் சொல்லலாம். மாற்ற மறுக்கிற மையம் இறங்கத் தகுந்த மையம் அல்ல.

இந்த ஊரில் லோக்கல் வண்டியில் ஓடி ஏறுகிறவனுக்கு உள்ளேயிருந்து முன்பின் தெரியாத கை ஒன்று நீளும். அவன் என்ன ஜாதி, என்ன மொழி என்று யாரும் கேட்பதில்லை. மும்பை நமக்குக் கற்றுக் கொடுத்த பெரிய குணம் அது. கடலுக்கும் அந்தக் குணத்தைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அங்கே கை நீட்டினால் மட்டும் போதாது. மாற்று ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

படகில் என்ன பேசுவது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ‘கடைசியா எப்போ இறங்கினீங்க? மாஸ்க் கழன்று போனா கீழேயே போட்டுக்குவீங்களா? காற்று சீக்கிரம் தீருமா, நிதானமா? நூறு பார் ஆனதும் எனக்குக் காட்டுங்க, நானும் காட்டறேன். பிரிஞ்சுட்டா ஒரு நிமிஷம் தேடிட்டு மேலே.’ இவ்வளவுதான். பதில் சொல்கிற விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். நூறு தடவை இறங்கியிருக்கிறேன் என்று மார்தட்டுகிறவரைவிட, இரண்டு வருஷமாச்சு, கொஞ்சம் பயமா இருக்கு என்று சொல்கிறவரோடு நான் சந்தோஷமாக இறங்குவேன். அவரோடு ஆழம் குறைந்த இடத்துக்குப் போகலாம், அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கலாம். நாம் எல்லோரும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்கள்தான். காற்று முதலில் தீர்கிறவரைக் கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்துதான் மனிதர்கள் கேஜைப் பொய்யாகக் காட்டுகிறார்கள்.

யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் இறக்கத்தை முடித்துக்கொள்ளலாம். மற்றவர் கேள்வி கேட்கக் கூடாது. உலகம் முழுதும் நல்ல டைவர்கள் கடைப்பிடிக்கிற வழக்கம் இது.

சரி, பதில்கள் திருப்தியாக இல்லை, பதிலே வரவில்லை என்றால்? டைவ் மாஸ்டரிடம் போய், ‘இவரோட நான் ஜோடியா இறங்கலை. நீங்க எங்க ரெண்டு பேரோடவும் வாங்க, இல்லேன்னா நான் படகுலயே இருக்கேன்’ என்று சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம், அவரை அவமானப்படுத்த வேண்டாம். பணம் திரும்ப வராது. சில ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும்.

படகும் ஒரு கூட்டாளிதான் என்பதையும் மறக்காதீர்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் லோனர்கன் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரை திரும்பியது. தலை எண்ணிக்கை தவறு. இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களைக் காணோம் என்று தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. 2022 மே மாதம் நம் தார்கர்லியிலேயே ஸ்கூபா முடித்துத் திரும்பிய பயணிகளின் படகு கவிழ்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஆகவே ஏறியதும் உயிர்காப்பு ஜாக்கெட் கேளுங்கள், கிளம்பும்முன் பெயர் சொல்லிக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள்.

துணையாக இறங்குகிறவரின் வேலை இனிமேல் கடினமாகத்தான் போகிறது. கடற்படைப் பணியிலிருந்து விடைபெற்ற குல்தார் கப்பலை நிவதிப் பாறைக்கு அருகே மூழ்கடித்து, செயற்கைப் பவளத்திட்டாக்கும் திட்டத்துக்காக 2025இல் மகாராஷ்டிரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். கப்பல் பார்க்க நம் பிள்ளைகள் போவார்கள், போகட்டும். இரும்புக் கூட்டுக்குள் நுழைகிற இடத்தில் துணை இல்லாமல் ஒரு கணமும் இருக்க முடியாது.

மழைக்காலம் முடிந்து அக்டோபரில் மால்வண் கடல் திறக்கும். கூட்டமாகப் போகத் திட்டமிடுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோடு இறங்கப் போகிறீர்களோ அவரையே அழைத்துக்கொண்டு, பயிற்சியாளர் ஒருவர் கூட இருக்க, நீச்சல் குளத்தில் இறங்குங்கள். ஒருவர் காற்று தீர்ந்ததுபோல் கழுத்துக் குறுக்கே கையை வெட்டிக் காட்டட்டும், மற்றவர் மாற்று ரெகுலேட்டரைக் கொடுக்கட்டும், இருவரும் பிடித்துக்கொண்டு மேலே வாருங்கள். பிறகு முறையை மாற்றுங்கள். கை பழகும்வரை செய்யுங்கள். செய்யச் சம்மதிக்காதவரோடு டிக்கெட் போடாதீர்கள்.